கமானிக் கட்டோடு ரங்கத்துக்கு

சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறும்போது என் தோளில் ஒரு துணிப்பை, ஒரு கூலியின் தலையில் டிரங்குப் பெட்டி, இன்னொரு கூலியின் தோளில் கோணிச் சாக்கில் சுற்றிய நீளமான இரும்பு. சாக்கைப் பார்த்த சிப்பந்தி, "என்னம்மா இது, பொணமா?" என்று கேட்டார். "ஜீப்புக்கு ஸ்பிரிங்குங்க" என்றேன். பிணமென்றே சொல்லியிருந்தாலும் அவர் அவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

என் வீட்டுக்காரருக்கு நாமக்கல்லில் லாரி ஸ்பிரிங் பட்டறை. கல்யாணமாகி வந்த நாள் முதல் நான் கண் விழிப்பது சம்மட்டிச் சத்தத்தில்தான். வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் துளை போட்டு, ஒரே போல்ட்டால் இறுக்கினால் அது ஸ்பிரிங் கட்டு. வடக்கத்தி லாரிக்காரர்கள் அதைக் கமானி என்பார்கள். எனக்குத் தெரிந்த இந்தி முழுவதும் அவர்களிடம் கற்றதுதான். அதில் பாதியைப் பெண்கள் வெளியில் பேசக்கூடாது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

என் தம்பி தங்கவேல் அந்தமானில், ரங்கத் பக்கம், புதிதாக ரோடு போடும் இடங்களுக்கு ஜல்லியும் சிமெண்டும் அரிசியும் ஏற்றிப் போகிற சின்னக் காண்டிராக்டர். ராணுவம் கழித்துவிட்ட பழைய ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து வைத்திருந்தான். லீவில் ஊருக்கு வந்த கரூர்க்காரர் ஒருவரிடம், "வண்டி பின்பக்கம் உக்காந்துருச்சு, மச்சாங்கிட்டச் சொல்லி ரெண்டு பக்கத்துக்கும் புது ஸ்பிரிங் அடிச்சு அனுப்பு" என்று சொல்லியனுப்பினான்.

என் வீட்டுக்காரர் பவானி ஆற்றுப் பரிசலிலேயே கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறவர். கடல் என்றதும் அவருக்குப் பட்டறையில் அவசர வேலை வந்துவிட்டது. ஆகவே நான் கிளம்பினேன். என் அம்மா வழியனுப்பும்போது ஒன்றுதான் சொன்னார்: "இரும்பு போகோணும், பையன் வரோணும்." திருச்செங்கோட்டுப் பக்கம் அவனுக்கு ஒரு பெண்ணைப் பார்த்து, அவர்கள் வீட்டில் காப்பியும் குடித்துவிட்டு வந்திருந்தார்.

முதல் நாள் கப்பலைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, படுத்தே இருந்தேன். மறுநாள் எழுந்து உட்கார்ந்து சாப்பாட்டுத் தட்டை வாங்கினேன். சாம்பார் தட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய், யோசித்து, திரும்பி வந்தது. நான் சாப்பிடாவிட்டாலும் சாம்பாருக்கு நல்ல பிரயாணம்.

சாக்கை என் படுக்கைக்கடியில் வைத்திருந்தேன். டீ கொண்டுவந்த மலையாளத்து இளைஞர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சேச்சி, இத்தனை இரும்பை இங்க வெச்சா மேலே திசை காட்டுற முள்ளு திரும்பிடும். கப்பல் நேரா ரங்கூன் போயிடும்" என்றார். நான் சாக்கை இழுத்துக்கொண்டு ஒரு மூலைக்குப் போனேன். அது ரொம்ப வடக்கோ என்று பயந்து எதிர் மூலைக்குப் போனேன். கடைசியில் தொப்பி போட்ட ஒரு அதிகாரியிடமே கேட்டுவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் தொப்பி கீழே விழுந்தது. அதற்குப் பிறகு கப்பலில் எனக்கு ரங்கூனம்மா என்று பெயர்.

பக்கத்துப் படுக்கையில் ஒரு சர்தார்ஜி குடும்பம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், கிரேட் நிக்கோபாரில் நிலம் தருகிறார்கள் என்று மனைவி மக்களோடு போகிறார். அவர் சாக்கின் வாயை விலக்கி, இரும்பை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். "அசல் எஃகு. தங்கச்சி, இதில் எத்தனை வெட்டுக்கத்தி வரும் தெரியுமா?" என்று இந்தியில் சொன்னார். ஜீப்புக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். "ஜீப் என்ன, நடந்து போகலாம். கத்தி இல்லாமல் காட்டில் என்ன செய்வீர்கள்?" என்றார். கப்பல் போர்ட் பிளேர் சேரும் வரை அந்தச் சாக்கை அவர் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

சாத்தம் ஜெட்டியில் இறங்கியதும் அறுத்த மரத்தின் வாசனை வந்தது. நாமக்கல்லில் இருப்பது ஒரே கல்லில் ஒரு மலை. அதிலும் பச்சை கிடையாது. இங்கே பச்சை இல்லாத இடத்தைத் தேட வேண்டும். தம்பிக்குத் தெரிந்த பரிமளம் என்கிற தூத்துக்குடிக்காரி வீட்டில் தங்க ஏற்பாடு. ஜங்லிகாட்டில் மீன் இறங்குகிற இடத்துக்கு மேலே, மேட்டில் மர வீடு. அவளுடைய வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்தார்.

"வாங்கக்கா, மொதல்ல பைட்டுங்க. கப்பல்ல ஒண்ணுஞ் சாப்புட்டிருக்க மாட்டியளே? மெயின்லேண்டுல இருந்து வாறவங்க எல்லாருக்கும் இதே மூஞ்சிதான்" என்று பலகையைப் போட்டு உட்காரவைத்தாள். சுடுசோறும் மீன் குழம்பும் போட்டாள். நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்ட பிறகுதான் சாமான்களைப் பார்த்தேன். டிரங்குப் பெட்டி இருந்தது. துணிப்பை இருந்தது. சாக்கைக் காணவில்லை.

என் வீட்டுக்காரர் ஒரு வாரம் மற்ற வேலையைத் தள்ளி வைத்து அடித்த இரும்பு. பரிமளத்தின் வீட்டுக்காரர் ஜெட்டிக்கு ஓடி, கூலியைத் தேடிப் பிடித்து விசாரித்துவிட்டு வந்தார். "அச்சா, அது புரோத்ராபூர்க்காரர் வண்டியில ஏறிட்டுதாம். அவரும் இரும்புதான் எடுத்தாராம். கூலிக்கு ரெண்டு சாக்கும் ஒண்ணுபோல இருந்திருக்கு" என்றார்.

மறுநாள் காலையில் புரோத்ராபூர் பஸ் ஏறினேன். நம் ஊர்க் கண்டக்டர்கள் ஏறு, இறங்கு என்ற இரண்டு வார்த்தைகளில் பிழைக்கிறார்கள். இந்தக் கண்டக்டர் ஒவ்வொருவரிடமும் காய்ச்சல் விட்டதா, மாடு கன்று போட்டதா என்று விசாரித்து, பதில் முடிந்த பிறகே விசில் கொடுத்தார். வழியில் ஒரு வீட்டில் மருந்துப் புட்டி, இன்னொரு வீட்டில் சைக்கிள் டயர் கொடுத்தார்கள். நான் யார், எதற்கு வந்தேன், என்ன தொலைந்தது என்பதெல்லாம் பாதி வழியிலேயே பஸ் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. நான் இறங்க வேண்டிய வீட்டின் எதிரில் பஸ் தானாகவே நின்றது.

அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் வயதான விவசாயி. தீவிலேயே பிறந்தவர், இந்தி பேசினார். வாசலில் ஒரு எருமை நின்றுகொண்டிருந்தது. அதன் கயிற்றின் மறுமுனையில் என் சாக்கு.

"மருமகன் கலப்பைக்கு இரும்பு அனுப்பியதாக நினைத்தேன். பிரித்தால் வளைந்து வளைந்து இருக்கிறது. என்ன செய்வதென்று புரியவில்லை. சரி, எருமையாவது நகராமல் நிற்கட்டும்" என்றார். எருமை என்னைப் பார்த்துவிட்டு நகர்ந்தது. சாக்கும் கூடவே நகர்ந்தது.

கொய்யாப்பழம் வெட்டிக் கொடுத்து, டீ போடச் சொன்னார். பேச்சு வாக்கில், "என் தாத்தா ஒரு கொலைக்காக இங்கே வந்தார். உங்கள் தம்பி எதற்காக வந்தார்?" என்று கேட்டார்.

"காண்டிராக்டுக்கு" என்றேன்.

"அதற்கு எத்தனை வருஷம் போடுகிறார்கள்?" என்று அக்கறையாக விசாரித்தார். நான் எருமையின் கயிற்றிலிருந்து சாக்கை அவிழ்க்கப் போனேன்.

அடுத்த நாள் ரங்கத் போகும் மோட்டார் போட்டில் ஏறினேன். தகரத் தகடு, மண்ணெண்ணெய் டின், கூடைக் கோழி, இவற்றின் இடுக்கில் மனிதர்கள். சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன், இனி யார் தூக்கினாலும் என்னையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும் என்று. கடல் கிளிப்பச்சையாக இருந்தது. எங்கள் ஊரில் சாயப்பட்டறைத் தண்ணீர்தான் அந்த நிறத்தில் ஓடும். அதனால் முதலில் எனக்கு அதன் மேல் நம்பிக்கை வரவில்லை.

எதிரில் இரண்டு வங்காளிகள் உட்கார்ந்திருந்தார்கள். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து ரங்கத் பக்கம் குடியேறியவர்கள். சாக்கின் நுனியில் எட்டிப் பார்த்த இரும்பைப் பார்த்தார்கள். தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரிந்த ஒரே வார்த்தை கமானி. பிறகு ஒருவர் எழுந்து கும்பிட்டார். "தங்கவேலின் அக்காவா?" என்று இந்தியில் கேட்டார். ஆமாம் என்றதும் நிழல் விழும் பெஞ்சைக் காலி செய்து கொடுத்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். நாமக்கல்லில் எனக்கு இப்படி யாரும் மரியாதை செய்ததில்லை. தம்பி இந்த ஊரில் ரொம்பப் பெரிய ஆள் போலிருக்கிறது என்று பூரித்துப்போனேன்.

ரங்கத் ஜெட்டியில் பொழுது சாயும் முன்பே இறங்கிவிட்டோம். "அக்கோவ்!" என்று கத்திக்கொண்டு தங்கவேல் ஓடிவந்தான்.

"ஏன்டா இப்படி வத்திப்போயிட்டே?"

"நான் நல்லாத்தான் இருக்கறேன். வண்டியப் பாரு" என்றான்.

பார்த்தேன். நாய் பின்னங்கால்களை மடக்கி உட்கார்ந்து, முகத்தைத் தூக்கி எஜமானைப் பார்க்குமே, அந்த ஜீப் அப்படி என்னைப் பார்த்தது. ஹெட்லைட்டுகள் இரண்டும் மர உச்சியைப் பார்த்தன. "ராத்திரியில ரோடு தெரியாது. வவ்வா நல்லாத் தெரியும்" என்றான் தம்பி.

ஏறினோம். பின்னால் சாக்கும் பெட்டியும் வைத்ததும் முன்பக்கம் இன்னும் தூக்கிக்கொண்டது. உடனே ஜெட்டியில் நின்றிருந்த ஒருவர் வந்து, யாரும் சொல்லாமலே பானெட்டின் மேல் ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். முன்பாரம். அந்த வண்டிக்கு அப்படி ஒருவர் வேண்டுமென்பது ஊருக்கே தெரிந்திருந்தது. அவர் தலைக்கு இடதுபக்கமும் வலதுபக்கமும் எட்டிப் பார்த்துக்கொண்டு தம்பி ஓட்டினான். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் 'டொக்' என்று இரும்பும் இரும்பும் இடித்தன. ஒவ்வொரு 'டொக்'குக்கும் என் முதுகெலும்பு ஒரு அங்குலம் குறைந்தது. அம்மா பார்த்து வைத்த பெண்ணைப் பற்றிப் பேசலாமென்று வாயைத் திறந்தேன், நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஜீப்பின் அடியில் எட்டிப் பார்த்தேன். பட்டறைக்காரன் பெண்டாட்டிக்கு இது பழக்கம். இரண்டு பக்கமும் ஸ்பிரிங் கட்டில் பாதிப் பட்டைகள் இல்லை. காலி இடத்தில் படாக் மரத்துண்டைச் செருகி வைத்திருந்தான்.

"மத்த பட்டையெல்லாம் எங்கேடா?"

"ஒடைஞ்சு போச்சுக்கா."

"ஒடைஞ்சா துண்டு இருக்கோணுமே?"

"காட்டுல எங்கியாச்சும் உழுந்திருக்கும்."

"ரெண்டு பக்கமும் பேசி வெச்சுக்கிட்டு ஒண்ணுக்கொண்ணு சமமா உழுந்துச்சாக்கும்?"

தம்பி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டான். அதில் தண்ணீர் ததும்பிக்கொண்டிருந்தது.

மத்தியானம் சபரி என்கிற ஊரில் விருந்து என்று கூட்டிக்கொண்டு போனான். அந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ராமாயணப் பெயர்கள். சபரி, பஞ்சவடி, தசரதபுரம் என்று வரிசையாக வருகிறது. கைகேயி பெயரில் ஊர் உண்டா என்று கேட்டேன். தம்பிக்குத் தெரியவில்லை. கேட்ட நேரத்தில் பள்ளம் வந்ததால் நானும் வற்புறுத்தவில்லை.

விருந்து நிதாய் பாபு என்கிற வங்காளி வீட்டில். ஒடிசலான மனிதர், பெரிய மூக்கு. சுற்றிலும் அவருடைய தம்பிமார், மைத்துனர்மார் வீடுகள். கசப்புக் காய்கறிக் கூட்டு, கத்திரிக்காய் வறுவல், கடுகு அரைத்துவிட்ட மீன் என்று வரிசையாக வந்தன. நாலு பக்கமும் கடல் இருக்க, இவர்கள் வீட்டுக்கு வீடு குளம் வெட்டி மீன் வளர்க்கிறார்கள். ஏன் என்று கேட்டதற்கு நிதாய் பாபு, "கடல் மீனில் உப்பு" என்று முகத்தைச் சுளித்தார். கடுகு என் மூக்கில் ஏறி, கண்ணில் நீர் முட்டியது. பாசத்தில் அழுகிறேன் என்று நினைத்து இன்னொரு துண்டு மீன் வைத்தார்கள்.

அப்போது ஒரு பெண் தண்ணீர்ச் செம்போடு வந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். மகள், பெயர் மினதி. செம்பை வைத்துவிட்டு என் முகத்தை நேராகப் பார்த்து, "வெக்கப்படாமச் சாப்புடுங்கோ" என்றாள்.

நாமக்கல் தமிழ்! எனக்குப் புரையேறியது. தம்பியைப் பார்த்தேன். அவன் மீனின் முள்ளைப் பொறுமையாக எடுத்துக்கொண்டிருந்தான். பிறந்ததிலிருந்து அவன் எதையும் அவ்வளவு பொறுமையாகச் செய்து நான் பார்த்ததில்லை.

சாப்பிட்ட பிறகு நிதாய் பாபு எனக்கு இளநீர் வெட்டித் தந்தார். ஒரே வீச்சு, கண் திறந்தது. நல்ல கத்தி. அதை வாங்கிப் பார்த்தேன். பிடிக்குச் சற்று மேலே, வட்டமாக ஒரு துளை இருந்தது. போல்ட் போகிற துளை. எங்கள் பட்டறையில் தினமும் போடுகிற துளை.

பக்கத்து வீட்டில் அவருடைய தம்பி மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். அவர் கத்தியிலும் துளை. வேலியோரம் ஒரு மைத்துனர் புதர் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் கத்தியிலும் துளை. போட்டில் எனக்குப் பெஞ்சைக் காலி செய்து கொடுத்த இருவரும் அங்கேதான் இருந்தார்கள். இடுப்பில் கத்தி, கத்தியில் துளை. எனக்குக் கிடைத்த மரியாதையின் காரணம் புரிந்தது. தங்கவேலின் ஜீப் அந்த ஊர் முழுக்கப் பரவிக் கிடந்தது.

வீடு திரும்பியதும் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லு."

சொன்னான். காடு வெட்டுகிற ஊரில் நல்ல கத்தியைவிட மதிப்பான பொருள் கிடையாது, ஸ்பிரிங் பட்டையைவிட நல்ல கத்தி இரும்பும் கிடையாது. மினதியைக் கட்டிக்கொள்ள ஆசை என்று முதலில் நிதாய் பாபுவிடம் போய் நின்றபோது, வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டு ஒரு பட்டையைக் கழற்றி, கொல்லனிடம் கொடுத்து, கத்தி அடித்துக் கொண்டுபோனான். அவர் மகிழ்ந்து, எனக்குச் சம்மதம், என் தம்பியைக் கேட்க வேண்டும் என்றார். தம்பிக்கு ஒரு கத்தி. அவர் மைத்துனரைக் கேட்க வேண்டும் என்றார். மைத்துனருக்கு ஒரு கத்தி.

"அவங்க யாரும் வாயத் தொறந்து கேக்கலக்கா. நானாத்தான் குடுத்தேன். ஒருத்தருக்குக் குடுத்துப்போட்டு இன்னொருத்தருக்குக் குடுக்காம எப்படி?"

"நிச்சயத்துக்குத் தட்டுல வெத்தலை பாக்கு வெப்பாங்க. நீ என்னடான்னா ஸ்பிரிங்கப் புடுங்கி வெச்சிருக்கறே! ராத்திரி பகலா உன்ற மச்சான் அடிச்ச இரும்பையும் இப்படித்தான் பங்கு போடப் போறயா?"

"இல்லக்கா. இன்னும் ஒருத்தர்தான் பாக்கி. மாயாபந்தர்ல மினதியோட பெரிய மாமா இருக்கறாரு."

"உன்னைக் கையோட கூட்டிட்டு வரச் சொல்லியிருக்குது அம்மா. பொண்ணு பாத்து வெச்சிருக்குது. அடுத்த போட்டுல ரெண்டு பேரும் கிளம்பறோம்."

"நீ ஸ்பிரிங்க மாட்டிக் குடுத்துட்டுப் போக்கா. நான் வரல" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். கெஞ்சியிருந்தால் அதட்டியிருப்பேன். மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னான். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்த வேலையைச் செய்வோம் என்று மறுநாள் சாக்கைப் பிரித்தேன்.

தம்பியின் ஜாக்கி துருப்பிடித்துப் பாதியிலேயே நின்றுவிட்டது. எப்படித்தான் சேதி போனதோ, சபரியிலிருந்து மாமன் மைத்துனர் எல்லோரும் மரக்கம்புகளோடு வந்தார்கள். அடியில் கம்பைக் கொடுத்து, "ஹேய்யோ" என்று ஒரு சத்தம், ஜீப்பின் பின்பக்கம் மேலே போய்விட்டது. கட்டையை அண்டைக் கொடுத்தோம். பழைய கட்டு கழன்றது. புதியதை ஆக்ஸிலின் மேல் உட்கார வைத்து, முன் முனையை மாட்டியாயிற்று. பின் முனையில்தான் வம்பு. லாரிக்கு அடிக்கிற கையல்லவா, என் வீட்டுக்காரர் வளைவைத் தாராளமாகக் கொடுத்துவிட்டார். வில் போல வளைந்து நின்ற பட்டையின் முனை, மாட்ட வேண்டிய இடத்துக்கு நாலு விரற்கடை முன்னாலேயே நின்றது. வளைவு தணிந்தால்தான் முனை எட்டும்.

"கட்டைய உருவிட்டு மேல பாரம் ஏத்தோணும்" என்றேன். இரண்டு மூட்டை அரிசி ஏற்றினார்கள். பட்டை அசையவில்லை. நிதாய் பாபு ஏறினார். அவர் ஏறியது பட்டைக்குத் தெரியவேயில்லை. தம்பிமார் ஏறினார்கள். மைத்துனர்மார் ஏறினார்கள். வேடிக்கை பார்க்க வந்த பெண்களும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார்கள். யாரோ ஒரு ஆட்டையும் தூக்கிக் கொடுத்தார்கள். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அத்தனை பேரும் தேர்ச் சிற்பம் மாதிரி நின்றார்கள். பட்டை மெல்லத் தணிந்தது.

அடியில் ஆள் வேண்டும். ஆண்கள் எல்லோரும் மேலே நின்றார்கள். தம்பி மறுபக்கச் சக்கரத்தில் இருந்தான். நான் மண்ணில் படுத்து உள்ளே நகர்ந்தேன். பக்கத்தில் இன்னொருவர் நகர்ந்து வருவது தெரிந்தது. மினதி. கையில் சுத்தியல்.

"எங்க அடிக்கோணும்?" என்றாள்.

"நான் புடிச்சுக்கறேன். துளை நேரா வந்ததும் போல்ட்ட அடி. என்ற கைய அடிச்சிராத."

மேலே ஆடு நகர்ந்தது, துளை விலகியது. நிதாய் பாபு வங்காள மொழியில் ஆட்டை அதட்டினார். துளை மறுபடி வந்தது. ஒரே அடி, போல்ட் உள்ளே போனது. என் விரலுக்கும் சுத்தியலுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை இப்போது நினைத்தாலும் சிலிர்க்கிறது.

இருவரும் மல்லாந்து படுத்துக்கொண்டு மூச்சு வாங்கினோம். முகமெல்லாம் கிரீஸ். "இந்தத் தமிழெல்லாம் அவன் சொல்லிக் குடுத்ததா?" என்று கேட்டேன்.

"வண்டி ஓட்டும்போது பேசுவாரு. கேட்டுக் கேட்டு வந்துச்சு" என்றாள். பிறகு பள்ளம் வந்தால் அவன் சொல்கிற ஒரு வார்த்தையைச் சொல்லி, அதற்கு அர்த்தம் கேட்டாள். அதற்கு நான் அர்த்தம் சொல்லவில்லை. நானும் லாரிக்காரர்களிடம் அப்படித்தான் இந்தி படித்தேன் என்று மட்டும் சொன்னேன். இருவரும் சிரித்தோம். வயிறு குலுங்கியதில் வண்டியின் அடிப்பாகம் நெற்றியில் இடித்தது.

எல்லோரும் இறங்கினார்கள். ஜீப் எழுந்தது. எழுந்துகொண்டே போனது. கடைசியில் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, தரையில் எதையோ மோப்பம் பிடிப்பது போல நின்றது. ஹெட்லைட் இப்போது தன் சக்கரத்தையே பார்த்தது. தம்பியும் நானும் ஒரு சுற்றுப் போய் வந்தோம். முன்பு பள்ளத்தில் இடித்தது, இப்போது பள்ளமே இல்லாத இடத்திலும் தூக்கிப் போட்டது. பானெட்டில் உட்காருகிறவர் வழக்கம்போல ஏறப் பார்த்தார். இனிமேல் வேண்டாம் என்றதும் அவர் முகம் வாடிவிட்டது.

இரண்டு நாள் கழித்து மாயாபந்தர் பெரிய மாமா வந்து இறங்கினார். ஆஜானுபாகுவாக ஒருவரை எதிர்பார்த்தேன். குள்ளமான மனிதர், கையில் குடை. தம்பி அவருக்கு நாற்காலி போட்டுவிட்டு ஜீப்பின் பக்கம் போய் நின்றான். ஒரு பட்டையைக் கழற்றிவிடுவானோ என்று நான் ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய மாமா ஜீப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் எதிரில் உட்கார்ந்து, இந்தியில் மெதுவாகக் கேட்டார்: "எங்கள் வீடு, நிலம், குளம் எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பெண்கள்தான் மிச்சம். எங்கள் பெண் உங்கள் வீட்டுக்கு வந்தால், உங்கள் அம்மா அவள் கையால் சாப்பிடுவாரா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தூணுக்குப் பின்னால் மினதி நின்றாள். சாப்பிடுவார் என்று சொல்லியிருக்கலாம். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை.

"சாப்பிட மாட்டார்" என்றேன். "வந்த அன்றைக்குச் சாப்பிட மாட்டார். முகத்தைத் திருப்பிக்கொள்வார். மூன்றாம் நாள் குழம்பில் உப்பு இல்லை என்பார். ருசி பார்க்காமல் உப்பு இல்லை என்று எப்படித் தெரியும்? அதற்கப்புறம் இவள் பார்த்துக்கொள்வாள்."

என் லாரிக்கார இந்தியில் சொன்னேன். எங்கேயோ ஒரு தப்பான வார்த்தை விழுந்திருக்க வேண்டும், மைத்துனர்கள் இருவர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெரிய மாமா தோள் குலுங்கச் சிரித்தார். "என் மனைவியும் உங்கள் தம்பி தொட்ட தண்ணீரைக் குடிக்க மாட்டாள். அவளையும் உங்கள் அம்மாவையும் ஒரே அறையில் விட்டுவிடலாம்" என்றார்.

அவருக்குக் கத்தி வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மணியடிக்கிற வேலை அவருக்கு.

அம்மாவுக்குத் தந்தி கொடுத்தேன். பதில் வரவில்லை. என் வீட்டுக்காரருக்கும் கொடுத்தேன். 'நடத்திவிடு' என்று வந்தது. அந்த ஒரு வார்த்தையை அனுப்ப அவர் என் அம்மாவிடம் என்ன பாடு பட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். நான் அடுத்த கப்பலை விட்டுவிட்டு, பையன் வீட்டுக்காரியாக ஒற்றை ஆளாய் நின்றேன்.

கல்யாணம் பாதி அவர்கள் முறை, பாதி நம் முறை. அவர்கள் சங்கு ஊதிக் குலவையிட்டார்கள். நான் மஞ்சள் கயிற்றில் தாலி கோத்துக் கொடுத்தேன். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளத்துக்கு ஆளில்லாமல், பானெட்டுக்காரர் ஒரு மண்ணெண்ணெய் டின்னை எடுத்து முழக்கித் தள்ளிவிட்டார். வேலை போன வருத்தமெல்லாம் அதில் தீர்ந்திருக்கும்.

பிறகு பொண்ணு மாப்பிள்ளையை ரங்கத் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். முன்னால் அவர்களும் நானும். பின்னால் நிதாய் பாபு, அவர் மனைவி, பெரிய மாமா, குடை, தம்பிமார், மைத்துனர்மார், அவர்கள் குழந்தைகள், சீர் அரிசி, ஒரு பானை ரசகுல்லா. தம்பி பயந்துகொண்டே கிளட்சை விட்டான். முதல் பள்ளம் வந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. வண்டி தொட்டில் போல இறங்கி ஏறியது. இரண்டாவது பள்ளத்துக்கும் அப்படியே. தம்பியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். முன்னும் பின்னும் ஒரே மட்டம், நூல் பிடித்தது போல. இத்தனை சனம் ஏறும் என்று நாமக்கல்லிலேயே எடை போட்டு அடித்தது போல ஜீப் நேராக நின்றது.

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று வழியனுப்ப அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் வந்தார்கள். பின்னால் வெறும் டிரங்குப் பெட்டி. ஜெட்டி வரும் வரை மூன்று பேரும் சீட்டில் உட்கார்ந்ததைவிட அந்தரத்தில் இருந்த நேரம்தான் அதிகம். ஒரு தடவை தலை கூரைக் கம்பியில் இடித்தபோது தம்பி அந்த வார்த்தையைச் சொன்னான். மினதி சிரித்தாள். இப்போது அவளுக்கு அர்த்தம் தெரிந்திருந்தது.

போட் கிளம்ப மணியடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினேன். ஜெட்டி விளிம்பில் நின்று மினதி கையை வாயருகே குவித்துக் கத்தினாள்:

"அக்கோவ்! வண்டியில பின்பாரம் பத்தல! அடுத்த வாட்டி அத்தையக் கூட்டிட்டு வந்துருங்கோ!"